தேய்ந்த இஞ்சின் ஒன்று சொன்ன வரலாறு

ஹைதராபாத்தில் பழைய கார் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ்-ராய்ஸைத்தான் சொல்வார்கள். நிஜாமுக்காக இங்கிலாந்தில் செய்த 1912ஆம் ஆண்டு வண்டி அது. பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அரசர் வீட்டுக் கார் அதிகம் ஓடவில்லை, அதிகம் தேயவும் இல்லை. மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் வேப்ப மரத்தடியில் நின்று, காலையில் ஆபீசுக்கும் சாயங்காலம் கோயிலுக்கும், மே மாதம் பிறந்தால் மெட்ராசுக்கும் ஓடி ஓடித் தேய்ந்த சின்னக் கார்கள்தான் நம் குடும்பங்களின் வரலாறு. அந்தத் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் அதுவும் ஒரு கல்வெட்டு.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. ஒரு பழைய கார் இஞ்சினைப் பிரித்தால், பிஸ்டன் தலையில் '20', '40' என்று எண்கள் குத்தியிருக்கும். இஞ்சின் எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பேரிங்கின் முதுகில் செய்த கம்பெனியின் முத்திரை இருக்கும். பிளாக்கில் வார்ப்பு எண் இருக்கும். எங்கள் வீட்டு 1969ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் இஞ்சினை 2023ல் இறக்கியபோது இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் பிறந்த ஒரு சின்னக் காரின் கதையையும், அதைக் காப்பாற்றிய ஹைதராபாத் கைகளின் கதையையும் நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டலூரில் பிறந்த கார்

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1903ல் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப் போரின் முடிவில் டிரயம்ப் கம்பெனியை அது வாங்கிக்கொண்டது. அதன் கூட்டுறவோடு 1948ல் மெட்ராசில் உருவானது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். முதலில் வந்தது வான்கார்டு என்ற பெரிய கார். பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், ஸ்டாண்டர்டு டென் என்று சின்ன வண்டிகள். 1961ல் ஹெரால்டு.

அந்த நாளில் இந்தியாவில் கார் செய்வது எளிதான காரியமில்லை. 1953ல் டாரிஃப் கமிஷன் ஒரு பரிந்துரை செய்தது: வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பவர்கள் வேண்டாம், படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று. அரசு ஏற்றுக்கொண்டது. 1920களிலிருந்தே இங்கே கார் பூட்டிவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. கல்கத்தாப் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராசில் ஸ்டாண்டர்டு என்று கார் உலகம் மூன்றாகச் சுருங்கியது. நம் தலைமுறைக்கு அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள் தெரிந்ததன் காரணம் இதுதான்.

ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் 1959ல் வெளிவந்தது. தனிச் சட்டத்தின் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பொருத்திய அமைப்பு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சுல்தான் பஜார் சந்துகளில் அம்பாசடர்காரர்கள் திணறும்போது ஹெரால்டுகாரர் அலட்டிக்கொள்ளாமல் திரும்பிப் போவார்.

இங்கிலாந்தில் இரண்டு கதவுதான். நம் ஊரில் குடும்பம் பெரிது. பாட்டி பின் சீட்டுக்கு எப்படி ஏறுவார்? 1968ல் மார்க் 3 என்று நான்கு கதவு ஹெரால்டு வந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத, மெட்ராசில் மட்டுமே செய்த வடிவம் இது. எங்கள் வண்டி அந்த வகை. மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த அதே 1969ல் தயாரானது.

சின்ன இஞ்சினின் கணக்கு

ஹெரால்டு இஞ்சினின் மூதாதை 1953ல் ஸ்டாண்டர்டு எய்ட்டுக்காகச் செய்த 803 சி.சி. இஞ்சின். அடுத்த வருடமே ஸ்டாண்டர்டு டென்னுக்காக அதன் துளையை 58 மில்லிமீட்டரிலிருந்து 63 ஆகப் பெரிதாக்கினார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மி.மீ. என்று அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருளையின் கன அளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம்: 63 மி.மீ. விட்டம், 76 மி.மீ. உயரம், நான்கு சிலிண்டர். விடை 948 சி.சி. இங்கிலாந்தில் இதே குடும்பத்து இஞ்சின் 1147, 1296, 1493 சி.சி. என்று வளர்ந்து 1980 வரை ஓடியது. வண்டலூர் ஹெரால்டு மட்டும் கடைசி வரை 948 சி.சி.யிலேயே நின்றது.

இதன் பெரிய அண்ணனான வான்கார்டு இஞ்சினில் சிலிண்டர் லைனர்களை உருவி எடுத்துப் புதிது போட்டுவிடலாம். தேய்ந்தால் கவலையில்லை. ஹெரால்டு இஞ்சினிலோ வார்ப்பிரும்பு பிளாக்கிலேயே நேராகத் துளை போட்டிருக்கிறார்கள். தேய்ந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதுவும் எல்லையற்றுச் செய்ய முடியாது. 20 தௌ, 30, 40, மிஞ்சினால் 60 தௌ. அதற்கு மேல் பிஸ்டனும் கிடைக்காது, பிளாக்கின் சுவரும் தாங்காது. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து தௌ சேர்ந்தால் சுமார் கால் மில்லிமீட்டர். ஆக, ஒவ்வொரு ரீபோரும் அந்த பிளாக்கின் ஆயுள் கணக்கிலிருந்து எடுத்த பணம். திரும்பப் போட வழியில்லாத கணக்கு.

மெட்ராசிலிருந்து சிகந்தராபாத்துக்கு

1806ல் கன்டோன்மென்ட் ஏற்பட்ட நாளிலிருந்தே சிகந்தராபாத்தில் தமிழ்ப் பேச்சு உண்டு. மெட்ராஸ் ராணுவத்தோடு சிப்பாய்களும் கணக்கர்களும் வியாபாரிகளும் வந்தார்கள். 1874ல் வாடியிலிருந்து ரயில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அடுத்த அலை: 1966ல் தென் மத்திய ரயில்வேயின் தலைமையிடம் சிகந்தராபாத்தில் அமைந்தது, 1967ல் இ.சி.ஐ.எல்.; ராமச்சந்திரபுரத்தில் பி.எச்.இ.எல்.; பாலாநகரில் மருந்துத் தொழிற்சாலையும் கருவி வடிவமைப்பு நிலையமும். இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் பாதியாவது இவற்றில் ஏதாவது ஒன்றோடு வந்து இறங்கியவர்களாக இருப்பார்கள்.

ஹைதராபாத்தும் இயந்திரத் தொழிலுக்குப் புதிய ஊரில்லை. நிஜாம் ஸ்டேட் ரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 1932லேயே 27 பஸ்களோடு ஓடத் தொடங்கியது. 1942ல் ஆல்வின், 1943ல் பிராகா டூல்ஸ் என்று தொழிற்சாலைகள் வந்தன. பிராகாவின் கிரைண்டிங் மெஷின்கள் நாடெங்கும் போயின. இப்படிப்பட்ட இடங்களில் கை பழகியவர்கள் வெளியே வந்து ராணிகஞ்சிலும் பாலாநகரிலும் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் வைத்தார்கள். வண்டலூரில் பிறந்த கார் இங்கே வந்தும் அரை நூற்றாண்டு பிழைத்ததற்கு இந்தப் பட்டறைகளே காரணம்.

அப்பா ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவர். 1974ல் இந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். எண்ணெய் நெருக்கடியால் பெட்ரோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்கள் விற்கப் பார்த்த காலம் அது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நெல்லூர் வழியாக மெட்ராசுக்குப் போய் வருவோம். அந்த வண்டியின் பில்கள் எல்லாவற்றையும் அப்பா ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். ரயில்வே கணக்கர் அல்லவா! 1979ல் 20 தௌ ரீபோர், 1988ல் 40 தௌ ரீபோர் என்று இரண்டு பில்கள் அதில் இருக்கின்றன.

அளந்து பார்த்தது

1990களின் கடைசியில் வண்டி அதிகம் ஓடவில்லை. பிறகு பல வருடம் ஷெட்டிலேயே நின்றது. 2023ல் ஸ்டார்ட் செய்தபோது நீலப் புகை தள்ளியது, ஆயில் குடித்தது, ஆயில் பிரஷர் விளக்கு அணைய மறுத்தது. கம்ப்ரெஷன் பார்த்தோம். நாலு சிலிண்டரும் நாலு விதம். ஒன்று 70 பவுண்டு, ஒன்று 110. ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் எண் ஏறியது. ஏறினால் கோளாறு ரிங்கிலும் துளையிலும், ஏறாவிட்டால் வால்வில். டாக்டர் நாடி பிடிப்பது போன்ற சின்னச் சோதனை இது, ஆனால் பொய் சொல்லாது.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். எழுபது வயது. தக்கனி உருதுவும் தெலுங்கும் கொஞ்சம் தமிழும் பேசுவார். இஞ்சினைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நக்கோ சாப். இதிலே இனிமே சதை இல்லே. மாருதி இஞ்சின் ஒண்ணு போட்டுடலாம். பாதி காசு. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பல ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் அப்படித்தான் வேற்று இஞ்சினோடு, சிலது டீசல் இஞ்சினோடுகூட, ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இஞ்சின் போனால் அதோடு வண்டலூரும் போய்விடும். மேலே தகரம் மட்டும் ஹெரால்டு.

பிளாக்கைப் பாலாநகரில் ஒரு போரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பது வருடம் முன் வந்தவர். "ஏனுங்க, அளக்காம எதுவும் சொல்லக்கூடாதுங்க. நாளைக்கு வாங்க, எழுதியே குடுத்தர்றனுங்க" என்றார். மறுநாள் ஒரு தாளில் 24 எண்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம், ஒவ்வொரு உயரத்திலும் நீளவாக்கு, குறுக்குவாக்கு என்று இரண்டு அளவு.

ஏன் இத்தனை? சிலிண்டர் ஒரே மாதிரித் தேய்வதில்லை. மேலே போகும் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில்தான் நெருப்பின் சூடும் அழுத்தமும் அதிகம். ஆயில் படலம் அங்கே மெலிந்துபோகும். அதனால் மேல்பக்கம் அதிகம் தேய்ந்து, துளை கூம்பாகிவிடும். அடுத்தது, கிராங்க் சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரை அதிகம் அழுத்தும். அதனால் வட்டம் முட்டை வடிவமாகும். எங்கள் மூன்றாம் சிலிண்டர் மேலே குறுக்குவாக்கில் 64.31 மி.மீ.; கீழே 64.05. அடியில் ஏறக்குறைய 1988ல் கடைந்த அளவே இருக்கிறது. மேலே கால் மி.மீ.க்கு மேல் போய்விட்டது.

இதுவரை பரவாயில்லை. 60 தௌ ரீபோர் என்றால் 64.52 மி.மீ.; தேய்மானம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் முதல் சிலிண்டரில் ஒரு வினை காத்திருந்தது. வண்டி நின்ற காலத்தில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, சுவரில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. குழியின் ஆழம் 0.3 மி.மீ. 60 தௌக்குக் கடைந்தால் சுவரில் 0.1 மி.மீ.தான் எடுபடும். குழி போகாது. அது மட்டுமில்லை, 60 தௌ பிஸ்டன் செட் ராணிகஞ்ச் முழுக்கத் தேடியும் இல்லை. ஆயுள் கணக்கில் பாக்கி இல்லை என்று உஸ்தாத் சொன்னது சரிதான்.

ஸ்லீவ் போடுவதா, விடுவதா?

மிச்சம் இருந்த ஒரே வழி ஸ்லீவ். துளையை இன்னும் பெரிதாகக் கடைந்து, மெல்லிய வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கமாக அழுத்திச் செருகி, அதன் உட்பக்கத்தை மறுபடி பழைய 63 மி.மீ.க்குக் கடைவது. வெற்றி பெற்றால் 1969ல் இருந்த அளவு திரும்பக் கிடைக்கும். ஆனால் கடையும்போது சுவர் மெலிந்து, பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பாதையில் கத்தி உடைத்துக்கொண்டு போனால், அந்த பிளாக் எடைக்குப் போட வேண்டியதுதான். இரண்டாம் வாய்ப்புக் கிடையாது.

இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் கைகொடுத்தார். பொதுத்துறை நிறுவனத்தில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்ட்ராசோனிக் கருவியால் இரும்பை அறுக்காமலே அதன் கனத்தை அளக்கத் தெரிந்தவர். கடன் வாங்கிய கருவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றிச் சுற்றி அளந்தார். மிக மெலிந்த இடத்தில் 4 மி.மீ. இருந்தது. ஒன்றரை மி.மீ. கனமுள்ள ஸ்லீவ் என்றால் அதன் வெளிவிட்டம் 66. சுவரில் எடுபடப் போவது ஒரு மி.மீ.க்கும் குறைவு. மூன்று மி.மீ.க்கு மேல் மிஞ்சும். உஸ்தாத் தாளைப் பார்த்தார், பிளாக்கைத் தட்டிப் பார்த்தார், "ஹவ், செய்யலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஸ்லீவின் வெளிவிட்டத்தைவிட பிளாக்கின் துளையை இரண்டு தௌ சின்னதாக வைத்தார் பட்டறைக்காரர். அந்த இறுக்கம் இருந்தால்தான் ஸ்லீவ் நகராது, சூடும் சரியாகக் கடத்தப்படும். நாலும் இறங்க ஒரு முழு நாள் ஆனது. பிறகு போரிங், கடைசி ஓரிரண்டு தௌவை ஹோனிங் கல்லுக்கு விட்டுவைத்தார். ஹோனிங் செய்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அவை ஆயிலைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் நல்லது என்று நினைப்போம்; அப்படி இருந்தால் புது ரிங் படியாது.

பெட்டியின் மேல் இருந்த ஊர்ப் பெயர்கள்

63 மி.மீ. ஸ்டாண்டர்டு அளவு பிஸ்டன் செட் ஒன்று ராணிகஞ்சில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடியில், மஞ்சளேறிய அட்டைப் பெட்டியில் கிடைத்தது. பெட்டியில் அச்சிட்டிருந்த ஊர், மெட்ராஸ் செம்பியம். அங்கே இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியை 1949ல் தொடங்கியது எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம். பழைய பேரிங்குகளுக்குப் பதிலாக வாங்கியவற்றின் பெட்டியில் கோயம்புத்தூர் என்று இருந்தது. 1961ல் அதே குழுமம் அங்கே பைமெட்டல் பேரிங்ஸ் தொடங்கியது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தார் 1960களின் தொடக்கத்தில் பிரேக், மின்சாரப் பாகங்கள் என்று தொழிற்சாலைகளை எழுப்பினார்கள்.

இறக்குமதிக்கு அன்னியச் செலாவணி கிடைக்காத அந்த வருடங்களில், கார் கம்பெனி பிழைக்க வேண்டுமென்றால் பிஸ்டனும் பேரிங்கும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். அவற்றைச் செய்யக் கற்றுக்கொண்ட ஊர்தான் பின்னாளில் இந்தியாவின் வாகனத் தலைநகர் என்று பெயரெடுத்தது. பெரிய கம்பெனிகள் 1990களில் சென்னையைத் தேடி வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. துறைமுகம், அரசின் சலுகைகள் எல்லாம் சேரும். ஆனால் வார்ப்பும் கடைசலும் தெரிந்த கைகள் நாற்பது வருடமாக அங்கே பழகியிருந்தன என்பதை மறக்கலாகாது. ஹெரால்டு நின்றுபோனது, அதற்காகக் கற்ற கைவேலை நின்றுபோகவில்லை.

கிராங்க் ஷாஃப்டுக்கு இதில் மூன்றே மெயின் பேரிங். அதைக் கிரைண்ட் செய்து 30 தௌ அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். பின்பக்கப் பேரிங்கில் அரை நிலா வடிவில் இரண்டு வாஷர்கள் உண்டு. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்னால் தள்ளப்படாமல் அவைதான் தாங்கும். இந்தக் குடும்பத்து இஞ்சின்கள் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய இடம் அது. தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கையே அறுக்கும். பாரடைஸ் சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரலில் போடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

பெட்ரோல் மாறியது, இஞ்சின் மாறவில்லை

பழைய இஞ்சின்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வும் அதன் இருக்கையும் மோதும் இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. குழந்தைகளின் மூளைக்கு அது நஞ்சு என்பதால், 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். மிக நல்ல முடிவு. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு இருக்கை கடைந்த இஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையத் தொடங்கும். எனவே நாலு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் கடின உலோக இருக்கைகளைப் பதித்தோம். டேப்பெட் இடைவெளி, இஞ்சின் ஆறியிருக்கும்போது 10 தௌ; அது அன்றும் இன்றும் ஒன்றே.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்தையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். வண்டி மாதக் கணக்கில் நின்றால் ஈரத்தை இழுத்து டேங்கில் துருவையும் உண்டாக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, டேங்கில் பெட்ரோலைப் பழையதாக விடாமல் ஓட்டினால் போதும்.

ஏன் அந்த இஞ்சினே வேண்டும்?

செலவைக் கேட்ட உறவினர்கள், "இதுக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாமே" என்றார்கள். வாங்கலாம். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வின்டேஜ் வாகன விதிகளைப் பாருங்கள். முதல் பதிவாகி 50 வருடம் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். ஒரு நிபந்தனை முக்கியம்: வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும், சட்டம், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. தேய்ந்ததைப் பழைய அளவுக்கே கொண்டுவருவது பழுதுபார்ப்பு. வேறு இஞ்சின் வைப்பது மாற்றம். நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு, புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கப்புறம் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். எனவே தினமும் ஓட்ட விரும்புகிறவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு 1971ல் நின்றது. வண்டலூரிலும் அதோடு நின்றது. 1972ல் கெசல் என்று பெயர் மாற்றி அதே 948 சி.சி. இஞ்சினோடு 1977 வரை ஓட்டினார்கள். 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. வெளியே ரோவர், உள்ளே பழைய வான்கார்டு வழி வந்த இரண்டு லிட்டர் இஞ்சின். மாருதி வந்துவிட்ட காலத்தில் அது எடுபடவில்லை. 1988ல் உற்பத்தி நின்றது. இனி ஒரு ஹெரால்டு பிளாக் வார்க்கப்படப் போவதில்லை. ஒன்று எடைக்குப் போனால் உலகத்தில் ஒன்று குறையும்.

இஞ்சினைப் பூட்டி, ஹெட் நட்டுகளைக் கணக்கான இறுக்கத்தில் முடுக்கி, 1-3-4-2 என்ற வரிசையில் வயர்களைப் பொருத்தினோம். புது இஞ்சினுக்குச் செய்வது போலவே, முதல் 800 கிலோமீட்டர் அதட்டாமல் ஓட்டி, ஆயில் மாற்றி, டேப்பெட்டைத் திரும்பச் சரிபார்த்தோம். கம்ப்ரெஷன் இப்போது நாலிலும் 140க்கும் 150க்கும் நடுவில். புகை இல்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இந்த வேலையைச் செய்தவர்களில் உஸ்தாத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் பிள்ளைகள் இருவரும் வேறு தொழிலில். பாலாநகர்ப் பட்டறைக்காரர், "இப்பெல்லாம் மாசத்துக்கு ஒரு பழைய பிளாக் வந்தாலே பெருசுங்க" என்கிறார். புதுக் கார்களில் இஞ்சினைத் திறப்பதே அபூர்வம். கெட்டால் மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். அளந்து, கடைந்து, பொருத்தும் இந்த அறிவு புத்தகத்தில் ஓரளவுதான் இருக்கிறது. மீதி கையில் இருக்கிறது.

ஆகவே, வீட்டில் பழைய கார், ஸ்கூட்டர், தையல் மெஷின், கடிகாரம் எதுவாக இருந்தாலும், விற்பதற்கு முன்னால் சில காரியங்கள் செய்யுங்கள். இஞ்சின் எண், சேஸிஸ் எண், வாங்கிய வருடம், யாரிடம் வாங்கியது என்பதை எழுதுங்கள். பழைய பில்களைப் படம் எடுத்து வையுங்கள். பழுது பார்த்தவர் இருந்தால், பிள்ளைகளை அழைத்துப் போய் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். நம் சங்க நூலகத்தில் ஒரு கோப்பு திறந்தால், சிகந்தராபாத் தமிழர்கள் என்ன வேலை பார்த்தார்கள், எதை ஓட்டினார்கள், எப்படிப் பழுது பார்த்தார்கள் என்ற வரலாறு அதில் தானே சேரும். என் 24 எண்கள் உள்ள தாளின் நகலையும், அப்பா கம்பியில் குத்தி வைத்த பில்களின் நகலையும் முதல் பக்கங்களாகக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பக்கம் உங்களுடையதாக இருக்கட்டும்.